அடுத்த பாகம் ஏமாற்றும்போது: ஃபேன்டஸி காதல் தொடர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

ஆசையாகக் காத்திருந்து வாங்கிய பாகம் சப்பென்று போய்விட்டது என்று எழுதியிருந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பத்துத் தொடர்களைப் பற்றி வந்தாலும் குறைகள் நாலைந்துதான். அதனால் தொடரின் பெயரை விட்டுவிட்டுக் குறையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கே: முதல் இரண்டு பாகங்களை ஒரே மூச்சில் படித்தேன். மூன்றாவது 600 பக்கம். பாதிக்கு மேல் நாயகன் எதையாவது மறைக்கிறான், நாயகி கோபித்துக்கொண்டு போகிறாள், சமாதானம் ஆகிறார்கள், மறுபடியும் ஒரு ரகசியம். எனக்குத்தான் பொறுமை போய்விட்டதா?

உங்கள் பொறுமைக்கு ஒன்றும் ஆகவில்லை. காதல் கதையை நகர்த்துவது தடை. முதல் பாகத்தில் அது வெளியே இருக்கும்: அவன் எதிரி நாட்டு இளவரசன், அவள் அவனைக் கொல்ல அனுப்பப்பட்டவள். பாகம் முடிவதற்குள் அந்தப் பகை கரைந்து இருவரும் ஒருவரையொருவர் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். அதோடு அந்தத் தடையின் ஆயுள் முடிந்தது. அடுத்த பாகத்துக்குப் புதுத் தடை வேண்டும், அது இருவருடைய ஆசைகளுக்குள்ளிருந்தே முளைக்க வேண்டும். அவனுக்கு அரியணை வேண்டும், அவளுக்கு அரியணையே இல்லாத நாடு வேண்டும் என்பதுபோல. அப்படி ஒன்று அமையாதபோது எழுத்தாளரின் கைக்குச் சுலபமாக அகப்படுவது "அவளிடம் சொல்லாமல் மறைத்தான்" என்பதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை. இருவரும் ஓர் அறையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் மனம்விட்டுப் பேசினால் சண்டை தீர்ந்துவிடுமா? தீருமென்றால் அங்கே இருப்பது வெறும் தாமதம். பேசிய பிறகு சண்டை இன்னும் பெரிதாகும் என்றால்தான் அது தடை. ஒரே காட்சியை இரண்டு விதமாகப் பாருங்கள். அவனுடைய மேலங்கியில் முத்திரையிட்ட கடிதம் ஒன்று அவளுக்குக் கிடைக்கிறது. படிக்காமலே துரோகம் என்று முடிவுகட்டி வெளியேறுகிறாள். அது அவள் அண்ணனைக் காப்பாற்ற எழுதிய கடிதம் என்று 80 பக்கம் கழித்துத் தெரிகிறது. இது ஒரு விதம். இன்னொன்றில் அவனே கடிதத்தை அவள் முன்னால் வைக்கிறான்: "உன் அண்ணனைப் பிடித்துக்கொடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. மறுத்தால் என் ஆட்கள் சாவார்கள். நான் என்ன செய்யட்டும், நீயே சொல்." இங்கே எதுவுமே மறைக்கப்படவில்லை. ஆனாலும் வழி இல்லை. இரண்டாவதை வைத்துக்கொண்டு 300 பக்கம் எழுதலாம். முதலாவது 30 பக்கத்துக்குக்கூடத் தாங்காது.

ரகசியமே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு பாகத்துக்கு ஒன்று போதும். அதுவும் வாசகருக்கு முன்பே தெரிந்திருந்தால் எப்போது வெடிக்குமோ என்ற பதைப்பு இருக்கும். திருக்குறளின் 'புலவி' அதிகாரத்தில் (குறள் 1302) ஊடலை உப்புக்கு ஒப்பிட்டு, அளவைத் தாண்டி நீட்டுவது உப்பு மிகுந்ததற்குச் சமம் என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். இந்தப் பாகங்களில் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த அளவுதான்.

குறை எங்கே என்று நீங்களே பார்க்க விரும்பினால் ஒரு பென்சில் போதும். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும், இருவரும் நெருங்கியிருந்தால் கூட்டல் குறி, விலகியிருந்தால் கழித்தல் குறி, ஒன்றும் மாறாவிட்டால் சுழி போடுங்கள். மூன்று சுழிகள் தொடர்ந்து வரும் இடத்தில்தான் புத்தகத்தைக் கீழே வைத்திருப்பீர்கள். கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வருகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கழித்தலுக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள். அதே சொல் நான்காவது முறை வந்தால் வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

கே: முதல் பாகத்தில் உயிரைக் கொடுத்துக் காதலித்தவன், இரண்டாம் பாகத்தில் அவளை அடக்கி ஆள்பவனாக மாறிவிடுகிறான். அவளுக்கு வேறொருவன் வருகிறான். இது முன்பே திட்டமிட்டதா, பாதியில் மாற்றியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் பாகத்தைத் திரும்ப எடுத்து, முதல் காதலன் வரும் காட்சிகளை மட்டும் படியுங்கள். வசனத்தை விட்டுவிடுங்கள், அவன் செய்வதை மட்டும் பாருங்கள். திட்டமிட்ட மாற்றமாக இருந்தால், அன்றைக்கு அன்பாகத் தெரிந்த செயலே இன்றைக்கு வேறு மாதிரி தெரியும். ஆபத்து என்று சொல்லி அவளை அறைக்குள் அனுப்புகிறான். சாவி யார் கையில் இருந்தது? அவள் போருக்கு வருகிறேன் என்றபோது காரணம் சொல்லி மறுத்தானா, பேச்சையே மாற்றினானா? இப்படி மூன்று இடமாவது தேறினால் விதை முன்பே போடப்பட்டிருக்கிறது. அந்த மாற்றம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனால் எழுத்தாளர் உங்களை ஏமாற்றவில்லை.

ஒன்றுகூட அகப்படாமல், இரண்டாம் பாகத்தில் மட்டும் அவன் திடீரென்று கத்துகிறான், பொருளை உடைக்கிறான், பழைய கொடுமை ஒன்று யாரோ ஒருவர் வாயால் சொல்லப்படுகிறது என்றால், புதியவனுக்கு இடம் விட இவனைக் கெட்டவனாக்கியிருக்கிறார்கள். அதில் அவனைவிட நாயகிக்குத்தான் நட்டம் அதிகம். அவள் முதல் பாகத்தில் எடுத்த முடிவுகள் எல்லாம் கண்மூடித்தனம் என்று ஆகிவிடுகிறது. நல்லவனாக இருக்கும் ஒருவனை விட்டு அவள் விலகிப்போகும்படி எழுதுவது கடினம். எழுதினால் எவ்வளவோ மேலான கதையாக இருந்திருக்கும்.

கே: முதல் பாகத்தில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் நாயகி ஒரு நினைவை இழப்பாள். மூன்றாம் பாகத்தில் ஒரே நாளில் ஒரு படையையே அழிக்கிறாள், எதையும் இழக்கவில்லை. லாஜிக் பார்ப்பது தவறா?

தவறே இல்லை. மந்திரம் இருக்கும் கதையில்தான் லாஜிக் அதிகமாக வேண்டும். ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு ஒரு விதியே வகுத்தார்: வாசகருக்கு ஒரு மந்திரம் எவ்வளவு புரிந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அதை வைத்துக் கதையின் சிக்கலைத் தீர்க்கலாம். நினைவு போகும் என்று சொல்லி நம்மைப் பழக்கிவிட்டு, கடைசியில் போகாது என்றால் அந்த வெற்றிக்கு மதிப்பில்லை.

காதல் தொடரில் இதன் பாதிப்பு இரட்டிப்பு. மந்திரத்தின் விலையும் காதலின் விலையும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு நினைவு போகும் என்றால், என்றாவது ஒருநாள் அவனை முதன்முதலில் பார்த்த நினைவும் போகும் என்ற அச்சம் நமக்குள் இருந்துகொண்டே இருக்கும். விலையை எடுத்துவிட்டால் அச்சம் போய்விடும், அச்சத்தோடு காதலின் அழுத்தமும் போய்விடும். பாகத்துக்குப் பாகம் எதிரியின் பலம் கூடும்போது நாயகியின் பலத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. அப்போது பலத்தோடு விலையையும் ஏற்ற மறந்துவிடுகிறார்கள். ஒரு படையை அழிக்க ஓர் ஆண்டின் நினைவு முழுவதும் போக வேண்டும் என்று வைத்திருந்தால் விதியும் நின்றிருக்கும், அடுத்த பாகத்துக்குக் கதையும் கிடைத்திருக்கும்.

விதியால் சேர்க்கப்பட்ட ஜோடி என்று வருகிறதே, அந்த பந்தத்துக்கும் இதே கணக்குதான். பந்தம் ஈர்ப்பை மட்டும் தந்து, ஏற்பதா வேண்டாமா என்ற முடிவை இருவரிடமும் விட்டால் கதைக்கு உயிர் இருக்கும். காதலிப்பதற்கான காரணமே பந்தம்தான் என்று ஆகிவிட்டால், அடுத்த பாகத்தில் அவர்களுக்குள் பேச எதுவும் மிஞ்சாது.

தூரத்தையும் கவனியுங்கள். முதல் பாகத்தில் குதிரையில் ஐந்து நாள் ஆன பயணம், மூன்றாம் பாகத்தில் ஒரே இரவில் முடிகிறது என்றால் மற்ற விதிகளும் தளர்ந்திருக்கும்.

கே: இரண்டாம் பாகம் முழுக்க இருவரையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஆளே இல்லாமல் காதல் கதையை எப்படிப் படிப்பது?

பிரிவு வேறு, இல்லாமை வேறு. பாலைத் திணைப் பாடல்களில் தலைவன் பெரும்பாலும் அவள் பக்கத்தில் இல்லை. ஆனால் அவன் போகும் வழியின் வெயிலும், அவள் சுவரில் கோடிழுத்து எண்ணும் நாளுமாக அவன் பாட்டு முழுக்க இருக்கிறான். பிரிவை வைத்து ஒரு பாகம் எழுதும்போது கிட்டத்தட்ட ஒவ்வொரு அத்தியாயத்திலும் இல்லாதவரின் தடயம் ஒன்று வேண்டும்: அவன் கற்றுக்கொடுத்த வாள்வீச்சு, அவனிடம் சொல்ல நினைத்து விழுங்கிய சொல், அவன் தப்பென்று சொல்லியிருக்கக்கூடிய முடிவு.

இங்கே இரண்டு புத்தகங்களைப் பெயர் சொல்லிக் காட்டினால்தான் விளங்கும். ஸ்டெஃபனி மேயரின் நியூ மூன் (2006) நாவலில் காதலன் பிரிந்துபோன பிறகு அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயரை மட்டும் தாங்கிய பக்கங்கள் வருகின்றன. வேறு ஒரு வரியும் இல்லை. அவளுக்கு அந்த மாதங்கள் எப்படிப் போயின என்பதை அந்த வெற்றிடமே சொல்லிவிடுகிறது, நமக்கும் நூறு பக்கப் புலம்பல் மிச்சமாகிறது. டயானா கேபல்டனின் அவுட்லேண்டர் தொடரில் இரண்டாம் பாகம் (1992) 1968-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. இருவரும் பிரிந்து 20 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது. 'சேர்வார்களா' என்ற கேள்வி போய் 'எப்படிப் பிரிந்தார்கள்' என்ற கேள்வி வருகிறது. மூன்றாம் பாகத்தில் அந்த 20 ஆண்டுகளை அவன் எப்படிக் கழித்தான் என்று காட்டிய பிறகே இருவரும் சந்திக்கிறார்கள். பிரிவு இருவரையும் தனித்தனியே மாற்றியிருப்பதால், சந்திப்பு என்பது கிட்டத்தட்ட புது ஆளைச் சந்திப்பதுதான்.

நீங்கள் படித்த பாகத்தைக் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. மறுபடி சேரும்போது இருவரும் பிரிந்த அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறார்களா? அப்படியானால் இடையில் இருந்த பக்கங்களைத் தாண்டிப் படித்தாலும் நட்டமில்லை.

கே: நான்காம் பாகம் தோழியின் காதலுக்குப் போய்விட்டது. என் ஜோடி ஓரமாக வந்துபோகிறது.

அட்டையின் பின்குறிப்பை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்; பாகத்துக்கு ஒரு ஜோடி என்பது இந்த வகையில் பழகிய அமைப்புதான். குறை என்று சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பழைய ஜோடி வரும்போதெல்லாம் எந்தக் கவலையும் இல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தால், மூன்று பாகமாக நாம் அறிந்த மனிதர்கள் அங்கே இல்லை.

கே: நெருக்கமான காட்சிகள் கூடிக்கொண்டே போகின்றன. கதை நின்றுவிடுகிறது.

அந்தக் காட்சியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். காட்சிக்கு முன்பும் பின்பும் இருவருக்கும் இடையே ஏதாவது மாறியிருந்தால், சொல்லாத ஒன்று வெளியே வந்திருந்தால், அது கதைக்குத் தேவை. மாறாவிட்டால் சண்டைக் காட்சியானாலும் சரி, முத்தக் காட்சியானாலும் சரி, இழுவைதான்.

கே: அவசரமாக எழுதி வெளியிடுவதால்தான் இப்படி ஆகிறதா?

ஓரளவுக்கு. முதல் பாகத்தை எழுத்தாளர் பல ஆண்டுகள் மனத்தில் வைத்து, யாரும் கேட்காத காலத்தில் திருத்தித் திருத்தி எழுதியிருப்பார். இரண்டாம் பாகம் ஒப்பந்தம் போட்ட பிறகு, தேதி குறித்த பிறகு எழுதப்படுவது. இரண்டு பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு வேறுபடலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: ரெபெக்கா யாரோஸின் ஃபோர்த் விங் 2023 மே மாதம் வந்தது, அடுத்த பாகம் அதே ஆண்டு நவம்பரில், மூன்றாவது 2025 ஜனவரியில். இடைவெளி குறைவு என்பதை மட்டும் வைத்து ஒரு புத்தகத்தை மோசம் என்று சொல்லிவிட முடியாது. பல ஆண்டுகள் கழித்து வந்தும் சொதப்பிய பாகங்கள் இருக்கின்றன.

நேரம் குறையும்போது திருத்தத்தில் எந்தப் படி அடிவாங்குகிறது என்பதுதான் முக்கியம். முதலில் கட்டமைப்புத் திருத்தம்: எந்த அத்தியாயம் தேவை, எது எங்கே வர வேண்டும் என்பது. பிறகு வரித் திருத்தம், அதன் பிறகு தகவல் சரிபார்ப்பு, கடைசியில் அச்சுப்பிழை பார்க்கும் மெய்ப்பு. பிழைகளின் வகையைப் பார்த்தே எது நடக்கவில்லை என்று ஊகிக்கலாம். "அவன் தாடை இறுகியது" என்று இருபது இடத்தில் வந்தால் வரித் திருத்தம் போதவில்லை. சாம்பல் கண் பச்சையானால் சரிபார்ப்பு போதவில்லை. ஒரே வேலையைச் செய்ய இரண்டு துணைப் பாத்திரங்கள், மூன்றில் இரண்டு பங்கு வரை பயணம், கடைசி 40 பக்கத்தில் போர், மரணம், திருமணம், துரோகம் எல்லாம் என்றால் கட்டமைப்பையே யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. முதல் இரண்டு குறைகள் எரிச்சலூட்டும், அவ்வளவுதான். பாகத்தைக் கெடுப்பது மூன்றாவது.

கே: இத்தோடு நிறுத்திவிடலாமா, அடுத்த பாகத்துக்குக் காத்திருக்கலாமா?

உடனே முடிவெடுக்காதீர்கள். இந்தத் தொடர்களில் இரண்டு பாகங்களுக்கு இடையே ஓராண்டு, ஈராண்டு போய்விடுகிறது. பெயர்கள், குலங்கள், யாருக்கு யார் கடன்பட்டவர் என்பதெல்லாம் மறந்துவிடும். முதல் நூறு பக்கம் இழுக்கிறது என்று தோன்றுவதற்குப் பாதி நேரம் நம் மறதியே காரணம். இரண்டு வாரம் கழித்து, முந்தைய பாகத்தின் கடைசி 50 பக்கத்தையும் இந்தப் பாகத்தின் முதல் 50 பக்கத்தையும் அடுத்தடுத்துப் படியுங்கள். அப்போது சரளமாகப் போனால் குறை மறதியில்தான் இருந்தது.

போகாவிட்டால் ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் இந்தப் பாகம் புதிதாகத் திறந்த கேள்விகளையும் வலப்பக்கம் மூடிய கேள்விகளையும் எழுதுங்கள். தொடர் மொத்தம் எத்தனை பாகம் என்று அறிவித்திருந்தால் கணக்கு சுலபம்: பாதியைத் தாண்டிய பிறகு மூடியது திறந்ததைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஐந்தில் மூன்றாவது பாகம் ஏழு திறந்து ஒன்றை மட்டும் மூடியிருந்தால், கடைசி பாகம் அவசர அவசரமாக முடிச்சுப் போடும் அல்லது தொடர் ஆறு, ஏழு என்று நீளும். அப்படிப்பட்ட தொடரை முடிந்த பிறகு வாங்குவதே நல்லது. இடைப்பட்ட காலத்தில் புதுப் பாகத்தின் மாதிரி அத்தியாயங்கள் வெளிவந்தால், அதில் பழைய சண்டை தொடர்கிறதா, புதிய தடை வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

விமர்சனம் எழுதப் போகிறீர்களா? "மொக்கை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பக்கத்தில் உங்கள் ஆர்வம் போனது, அங்கே என்ன நடக்கிறது, அது முந்தைய பாகத்தின் எதோடு முரண்படுகிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். கதை முடிச்சை உடைக்கும் வரிகளுக்கு மேலே எச்சரிக்கை போடுங்கள். எழுத்தாளரை அதில் இணைத்து இழுக்க வேண்டாம். விமர்சனம் வாசகருக்காக எழுதப்படுவது.

கே: நானே ஒரு தொடர் எழுதுகிறேன். இரண்டாம் பாகம் 40,000 சொற்களில் நின்றுவிட்டது. என்னுடையதும் இழுவையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

எழுதுவதை ஒரு வாரம் நிறுத்துங்கள். முதல் பாகத்தின் முடிவில் இருவரும் ஒருவருக்கொருவர் என்னவாக இருக்கிறார்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இரண்டாம் பாகத்தின் முடிவுக்கும் ஒரு வாக்கியம். "காதலிக்கிறார்கள், ஆனால் ஆபத்து இருக்கிறது" என்பதே இரண்டுக்கும் பொருந்தினால் நின்றதற்குக் காரணம் அதுதான். "அவனுக்காக எதையும் விடுவாள்" என்பதில் தொடங்கி, "எதை விடமாட்டாள் என்று அவனுக்குச் சொல்லிவிட்டாள்" என்பதில் முடிந்தால் உங்களிடம் ஒரு பாகம் இருக்கிறது.

அடுத்து, எழுதிய அத்தியாயங்களுக்குத் தலைக்கு ஓர் அட்டை. ஒவ்வொன்றிலும் இரண்டு வரி: வெளியே என்ன நடந்தது, இருவருக்குள் என்ன மாறியது. ஒரு வரி காலியாக இருக்கும் அட்டைகளைத் தனியே எடுத்து வையுங்கள். கோட்டை முற்றுகை அத்தியாயத்தில் இரண்டாம் வரி காலி. அடுத்த அத்தியாயத்தில் இருவரும் தீ மூட்டி உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள், அதில் முதல் வரி காலி. இரண்டையும் ஒன்றாக்குங்கள். மதில் சரிந்துகொண்டிருக்கும்போது, ஒரே கயிற்றின் இரு முனைகளை இருவரும் பிடித்திருக்கும்போது அந்தச் சண்டை நடக்கட்டும். 10,000 சொல் 5,000 ஆகும். இரண்டு காட்சிக்கும் வலு கூடும்.

கடைசிக்கென்று ஒரு ரகசியத்தைச் சேமித்து வைத்திருப்பீர்கள். அதைப் பாகத்தின் நடுவுக்கு இழுத்துவிடுங்கள். கையில் ஒன்றும் இல்லையே என்று முதலில் திகைப்பாக இருக்கும். ஆனால் ரகசியம் தெரிந்த பிறகு இருவரும் என்ன செய்கிறார்கள் என்பதுதான் நீங்கள் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த கதை. புதிதாகச் சேர்த்த பாத்திரங்களையும் எண்ணிப் பாருங்கள். ஒருவரை வாசகர் மனத்தில் நிறுத்த இரண்டு மூன்று காட்சி பிடிக்கும். எட்டுப் பேர் என்றால் உங்கள் ஜோடிக்கான இடத்தை அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தூதனும் ஒற்றனும் ஒரே ஆளாக இருக்கலாம்.

முடிவில் ஒரு பெரிய கேள்வியை முழுதாக மூடிவிட்டு ஒன்றை மட்டும் திறந்து விடுங்கள். அந்தரத்தில் நிறுத்துவதென்றால் எந்த நொடியில் நிறுத்துவது என்பதில் கவனம் வேண்டும். கதவு தட்டப்படுகிறது, அவள் திறக்கிறாள், வெளியே நிற்பது யாரென்று சொல்லாமல் "தொடரும்" போட்டால், அடுத்த பாகத்தின் முதல் வரியிலேயே அந்த ஆர்வம் தீர்ந்துவிடும். கதவைத் திறக்கட்டும். நிற்பது அவள் கொன்றதாக நினைத்த, காதலனின் தம்பி என்று நமக்கும் தெரியட்டும். உள்ளே அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான். அவள் வெளியே வந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்துகிறாள். அங்கே நிறுத்துங்கள்.